மெட்டும் கண்ணும்

நரம்புக் கருவியை வரைதல் ஓவியர்க்கு எக்காலத்தும் அரியதொரு தேர்வு. செவிக்குரிய அளவும் கண்ணுக்குரிய அளவும் அதன்கண் ஒருங்கே நிற்றலே காரணம்.

தஞ்சை இரகுநாத நாயக்கர் காலத்தில், 17-ஆம் நூற்றாண்டில், வீணைக்கு 24 மெட்டுகள் நிலைபெற்றன என்பர். மேருவுக்கும் குதிரைக்கும் இடைப்பட்ட தந்தி நீளத்தில் முதல் 12 மெட்டுகள் பாதியைக் கொள்ளும். அடுத்த 12 மெட்டுகள் காற்பங்கையே கொள்ளும். வலிவு நோக்கிச் செல்லச் செல்ல இடைவெளி குறுகுதல் இசையின் நியதி. தொலைவு செல்லச் செல்லப் பொருள் குறுகித் தோன்றுதல் கண்ணின் நியதி. குடம் தொலைவில் அமையுமாறு வீணையை வரைபவன் மெய்க்குறுக்கத்தின்மேல் தோற்றக் குறுக்கத்தையும் ஏற்றுதல் வேண்டும். குடம் அருகே அமையின் அவ்விரண்டும் ஒன்றையொன்று எதிர்க்கும். இவற்றைப் பிரித்தறியாத கை பிழைபடும்.

செர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1525-இல் நூரம்பெர்க்கில் வெளியிட்ட அளவை நூலின் இறுதியில் இதற்கோர் வழி காட்டினார். மேசைமேல் மெட்டுக் கட்டிய லூட் என்னும் கருவி. சுவர் வளையத்தின் வழியே எடைக்குண்டு கட்டிய நூல். ஒருவர் நூல்முனையைக் கருவியின் ஒரு புள்ளியில் வைக்க, இடையே நிற்கும் சட்டத்தை நூல் கடக்குமிடத்தை மற்றவர் குறிக்கிறார். அவ்வளையமே கண். இவ்வாறு புள்ளி புள்ளியாய் ஓவியம் உருப்பெறுகிறது.

நம்மவர் இந்நெறி அறியாதவர் என்று முடிபு கூறுதல் பொருந்தாது. தமிழில் ஓவியநூல் ஒன்று இருந்தமையை மணிமேகலை சுட்டும். அந்நூல் இன்று கிடைத்திலது. வடமொழிச் சித்திரசூத்திரமோ ஒன்பது நிலைகளையும், உறுப்புகள் தேய்ந்தும் வளர்ந்தும் தோன்றுதலையும் விளக்குகிறது. ஆயின் ஒற்றைக் கண்ணை ஓரிடத்தில் நிறுத்திக் காணும் முறை அதிலில்லை. ஆடலறியாதார்க்கு ஓவியம் விளங்காது, கருவியிசை அறியாதார்க்கு ஆடல் விளங்காது, பாட்டே அனைத்திற்கும் அடி என்பது அந்நூலின் தொடக்கம். டியூரர் கருவியைக் கண்ணால் அளந்தார். இந்நூலார் ஓவியத்தையே இசையால் அளந்தனர்.

படாளத்திற்குக் கிழக்கே, மாமல்லபுரத்துத் தருமராச இரதத்தில் வீணை ஏந்திய சிவபெருமான் நிற்கிறார். 'சித்திரகாரப்புலி' எனப் பட்டம் பூண்ட மகேந்திரவர்மன் மரபினர் கண்ட கல் அது. அங்கே கருவி தொலைவிற் குறுகுவதில்லை; சுற்றி வருவோன் கண்ணே இடம் மாறுகிறது.

கருவியின் படிக்கும் பாட்டின் வடிவுக்கும் 'மெட்டு' என்னும் ஒரு சொல்லையே தமிழ் வழங்கியது. அளவும் உணர்வும் வேறல்ல என்பதைக் கவிஞர்க்கு அச்சொல் ஒன்றே உணர்த்தும்.