பள்ளிக்கூட மைதானத்து ஆசான் அச்ரேக்கர்

துடுப்பாட்டம் வீண்பொழுது என்னும் எண்ணம் நம்மூர்ப் பெரியோர் சிலரிடம் இன்னும் உண்டு. அறுவடை முடிந்த வயலில் மூன்று தடிகளை நட்டுவிட்டுப் பொழுது சாயும்வரை நிற்கும் பிள்ளைகளைக் காணும்போது அவர்கள் முகஞ்சுளிப்பதில் வியப்பில்லை. அன்னாரோடு வழக்காடுவது நம் நோக்கமன்று. அவ்விளையாட்டையே கல்வியாகக் கற்பித்த ஓர் ஆசானின் வரலாற்றை இளைஞர்க்கும் பெரியோர்க்கும் சேர்த்தே எடுத்துரைக்க விழைகின்றோம்.

1932ஆம் ஆண்டு பிறந்த ரமாகாந்த் அச்ரேக்கர் ஆட்டக்காரராகப் பெரும்புகழ் ஈட்டியவரல்லர். 1963-64 பருவத்தில், ஸ்டேட் பாங்க் அணிக்காக, ஒரேயொரு முதற்தரப் போட்டியில் ஆடினார், அவ்வளவே. தாம் எய்தாததைப் பிறர் எய்தச் செய்தவர் என அவரைக் கூறுதல் பொருந்தும். பம்பாய் தாதரிலுள்ள சிவாஜி பார்க் மைதானமே அவரது வகுப்பறை. சாரதாசிரம வித்தியாமந்திர் என்னும் பாடசாலையின் அணி அவர் கையில் வளர்ந்தது.

1984இல் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனை அவன் தமையனார் அவரிடம் அழைத்து வந்தார். ஆசான் எதிரே நின்றமையால் கூசிய பையன் முதலில் சரியாக ஆடவில்லை. தமையனார் வேண்டிக்கொண்டபடி ஆசான் மறைவில் நின்று பார்த்தபின்னரே அவனைச் சேர்த்துக்கொண்டார். அவனே சச்சின் டெண்டுல்கர். நடு விக்கெட்டின் தலையில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, சச்சினை ஆட்டமிழக்கச் செய்பவனுக்கு அது உரியது என்பார். எவராலும் இயலாவிடின் அது சச்சினுக்கு. இவ்வாறு வென்ற பதின்மூன்று நாணயங்களைத் தம் பெருஞ் செல்வமாகச் சச்சின் போற்றுகிறார்.

1988 பெப்ரவரியில் ஹாரிஸ் கேடய அரையிறுதியில் புனித சேவியர் பாடசாலைக்கெதிராகச் சச்சினும் வினோத் காம்ப்ளியும் பிரியாது 664 ஓட்டங்கள் குவித்தனர். ஆட்டத்தை நிறுத்துமாறு துணைப் பயிற்சியாளர் சைகை காட்ட, பையன்கள் காணாதவர்போல் ஆடிக்கொண்டிருந்தனராம்! ஈற்றில் தொலைபேசியில் ஆசானின் கட்டளை வந்தது. 349இல் நின்ற காம்ப்ளி இன்னும் ஓர் ஓட்டம் கேட்டும் அவர் இணங்கவில்லை. சச்சின் 326. இக்கண்டிப்பு மிகை என்பார் உளர். பிள்ளையை அடித்துத் திருத்திய அக்காலத்து வழக்கத்தை நாமும் ஆதரிக்கவில்லை. எனினும் அணியின் வெற்றியே முதன்மை, தனியொருவன் கணக்கு பின்னதே என்ற பாடத்தை அவர் ஒருபோதும் விட்டுக்கொடுத்ததில்லை. எதிரணி 145 ஓட்டங்களில் சுருண்டது. ஆறு விக்கெட்டுக்களை வீழ்த்தியவர் அதே காம்ப்ளி.

1996 மார்ச் 13இல் கல்கத்தாவில் நம் நாடு இந்தியாவை வென்ற உலகக் கிண்ண அரையிறுதியை நம் வாசகர் மறந்திரார். அன்று 65 ஓட்டங்கள் பெற்றவர் சச்சின். கண்ணீரோடு மைதானம் விட்டகன்றவர் காம்ப்ளி. இருவரும் ஒரே ஆசானின் பிள்ளைகள். சச்சின் 200 டெஸ்ட் போட்டிகள் ஆடினார். 1993இல் இரு இரட்டைச் சதங்கள் அடித்த காம்ப்ளியின் டெஸ்ட் வாழ்வோ பதினேழு போட்டிகளோடு 1995இலேயே முடிந்தது. வித்தை ஒன்றாயினும் வாழ்வு ஒன்றாகவில்லை. இதற்கு ஆசானைப் பொறுப்பாக்குதல் முறையன்று.

பல்விந்தர் சாந்து, சந்திரகாந்த் பண்டிட், பிரவீன் ஆம்ரே, அஜித் அகார்க்கர் ஆகியோரும் அவர் மாணாக்கரே. 1990இல் துரோணாச்சாரியார் விருதும், 2010இல் பத்மஸ்ரீயும் அவரைத் தேடி வந்தன. ஆயினும் இருபத்தொன்பது ஆண்டுகளில் ஒருமுறையேனும் ‘நன்றாக ஆடினாய்’ என அவர் சொன்னதில்லை என்று 2013இல் விடைபெறும்போது சச்சின் நினைவுகூர்ந்தார். 2019 சனவரி 2இல் அச்ரேக்கர் காலமானார். 2024 திசெம்பரில் சிவாஜி பார்க்கில் அவருக்கு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது.

அந்த 664 ஓட்ட நாளில் காலுறை கட்டி அடுத்த ஆட்டக்காரனாகக் காத்திருந்து, ஒரு பந்தும் ஆடாது திரும்பிய மாணவன் ஒருவனும் உண்டு: அமோல் முசும்தார். முதற்தரப் போட்டிகளில் பதினோராயிரத்துக்கு மேல் ஓட்டங்கள் பெற்றும் இந்திய அணியில் அவருக்கு இடம் வாய்க்கவில்லை. பின்னர் அவரும் பயிற்சியாளரானார். 2025 நவம்பர் 2இல் இந்திய மகளிர் அணி முதன்முறையாக உலகக் கிண்ணம் வென்றபோது அவ்வணியின் தலைமைப் பயிற்சியாளர் அவரே.