போர்முனையில் மகன், வரப்புச் சண்டையில் வீடு



ஜூபிலி மலரில் கோவில் எழுந்த வரலாறும் குருக்களின் வரிசையும் இடம் பெறுவது வழக்கம். ஆயினும் பட்டாளத்துக்குச் சென்றவர்களின் மனத்துயரமும் வரலாறே. குண்டுக்கு அஞ்சாத வீரனை வீட்டுக் கடிதம் ஒன்று கலங்கச் செய்த வரலாறு அது.

கடிதங்கள் தரும் சான்று

முதல் உலகப் போரில் 1914 செப்டம்பரில் இந்தியப் படை பிரான்சு நாட்டின் மார்செய் துறைமுகத்தில் இறங்கியது. வீரர்களின் கடிதங்களைத் தணிக்கை செய்ய ஆங்கில அரசு தனி அலுவலகம் அமைத்தது. அதிகாரிகள் மொழிபெயர்த்த பகுதிகள் இன்று லண்டன் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. பெரும்பாலானவை பஞ்சாப் முதலிய வடபுலத்து வீரர்களுடையவை. குளிரையும் பீரங்கியையும் பற்றிய செய்திகளுக்கு நடுவே நிலத்தகராறு, கடன், வீட்டுக்கு அனுப்பிய பணம் பற்றிய கவலை ஆகியவையும் காணப்படுகின்றன.

அன்று பல வீரர்களுக்கு எழுத்தறிவில்லை. கடிதத்தை வேறொருவர் படித்துச் சொல்ல வேண்டும். ஆகவே வீட்டுச் சண்டை பாசறைக்கும் தெரிந்துவிடும். கடிதம் கடல் கடக்கப் பல வாரங்கள் ஆகும். ஊரில் சண்டை ஓய்ந்த பிறகும் அங்கே அவன் உறக்கமின்றித் தவிப்பான்.

சட்டம் அளித்த காவல்

இத்துயரை அரசும் உணர்ந்தது. 1918-லும், பின்னர் 1925-லும் இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் இயற்றப்பட்டது. போர்ப் பணியிலுள்ள வீரனுக்காக வழக்காட ஆளில்லையெனில், மாவட்ட ஆட்சியர் நீதிமன்றத்துக்கு அதைத் தெரிவிக்கலாம், நீதிமன்றம் விசாரணையை ஒத்திவைக்கும். அவன் இல்லாதபோது ஒருதலையாகப் பிறந்த தீர்ப்பை நீக்கக் கேட்கவும் வழியுண்டு.

அந்நாளில் கள்ளக்குறிச்சி, தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆட்சியர் இருந்தது கடலூரில். ஜாகீர்தார்களின் ஆதிக்கத்திலிருந்த கல்வராயன் மலையில் வாழ்ந்த ஏழைக்கு மலை இறங்குவதே பெரும்பாடு. சட்டம் புத்தகத்தில் இருந்தது. அதை எட்டிப்பிடிக்க ஒரு துணை வேண்டியிருந்தது.

திருச்சபையின் ஆறுதல்

இரண்டாம் உலகப் போரில் 25 லட்சம் இந்தியர் படையில் பணிபுரிந்தனர். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபோது பல்லாயிரம் இந்திய வீரர் சிறைப்பட்டனர். உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாத வீட்டில் மனைவி மக்களின் நிலை என்னவாகும்! இத்தகைய குடும்பங்களுக்காகவே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1939-இல் வத்திக்கானில் தகவல் அலுவலகம் ஒன்றை ஏற்படுத்தினார். 1947 வரை அது போர்க்கைதிகளைப் பற்றிய செய்திகளைத் தேடித் தந்தது. வத்திக்கான் வானொலியும் கைதிகளின் பெயர்களை அறிவித்தது.

வேதாகமம் இக்கவலையை முன்பே அறியும். புது வீடு கட்டியவனையும், பெண்ணுக்கு நிச்சயமானவனையும் போருக்கு முன் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்கிறது உபாகமம் 20-ஆம் அதிகாரம். மனம் வீட்டில் கிடக்க, கை வாளைப் பற்றாது என்பதை இறைவன் அறிவார்.

நமது கடமை

இன்று கடிதத்துக்குப் பதில் கைத்தொலைபேசி. வாரக்கணக்கில் சென்ற சண்டை ஒரு நொடியில் எல்லைக்குச் சேர்கிறது. ஆறப்போட அவகாசமே இல்லை. 2025 ஜூலை 26-இல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு வீரர் குடும்பங்களுக்குச் சட்ட உதவித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நூறாண்டுக்கு முந்திய துயரம் இன்னும் தீரவில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

ஆகவே பெற்றோரே, சகோதரரே, எல்லையில் நிற்கும் மகனின் பங்கை அவன் இல்லாத வேளையில் பிரிக்காதீர்கள். மருமகளின் கண்ணீரையும் மாமியாரின் மனக்குறையையும் இரவுக் காவலில் நிற்பவன் காதில் போடாதீர்கள். வழக்கு வந்தால் சட்ட உதவியை நாடுங்கள். மனத்தாங்கல் வந்தால் பங்குக் குருவின் கதவைத் தட்டுங்கள். அவனுக்கு நாம் அனுப்பக்கூடிய சிறந்த காணிக்கை வீட்டுச் சமாதானமே.

நம் வீரர்களையும் அவர்கள் இல்லங்களையும் சமாதான இராக்கினியான தேவதாய் காத்தருள்வாராக!

இறைப்பணியில்,
பங்குத் தந்தை