வேலையிடத்து ரசாயனங்களும் ஆண்களுக்கு வரும் புற்றுநோயும்

புற்றுநோய் என்றதும் நாம் முதலில் கேட்பது, "பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?" என்பதுதான். என்ன வேலை பார்த்தார் என்று கேட்பதில்லை. கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பகுதிகளிலும் கல்வராயன் மலை ஊர்களிலும் ஆண்கள் வயலில் மருந்தடிக்கிறார்கள், பெயிண்ட் அடிக்கிறார்கள், பட்டறையில் வெல்டிங் வைக்கிறார்கள், லாரி ஓட்டுகிறார்கள். வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களும் இதே வேலைகளைப் பார்க்கிறார்கள்.

இந்தத் தொடர்பு புதிதல்ல. புகைபோக்கி சுத்தம் செய்தவர்களுக்கு விதைப்பையில் வரும் புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என்று 1775இல் லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் எழுதினார். சாயத் தொழிலாளர்களுக்கு வந்த சிறுநீர்ப்பைப் புற்றுநோயை 1895இல் ஜெர்மன் மருத்துவர் லுட்விக் ரேன் வெளிக்கொண்டு வந்தார்.

எவை ஆபத்தானவை?

உலக சுகாதார அமைப்பின் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் உறுதி செய்தவற்றில் சில:

• பெயிண்டர் வேலை: நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்
• வெல்டிங் புகை, டீசல் புகை: நுரையீரல் புற்றுநோய்
• பெட்ரோலில் உள்ள பென்சீன்: ரத்தப் புற்றுநோய்
• ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுக்கும்போது பறக்கும் தூசி: நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறைப் புற்றுநோய்
• லிண்டேன் பூச்சிமருந்து: நிணநீர்ப் புற்றுநோய்

களைக்கொல்லியான கிளைபோசேட், பூச்சிமருந்தான மாலத்தியான் இரண்டையும் 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை' என்று 2015இல் அந்நிறுவனம் வகைப்படுத்தியது.

இந்த வேலை செய்யும் எல்லோருக்கும் நோய் வரும் என்று இதற்குப் பொருளல்ல. எவ்வளவு, எத்தனை ஆண்டுகள் உடலில் சேர்ந்தது என்பதைப் பொறுத்தது. புகைப்பழக்கமும் சேர்ந்தால் ஆபத்து கூடும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

பாதிப்பு வெளிப்பட 10 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகலாம். வேலையை விட்டு வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் இது பொருந்தும். வலியே இல்லாமல் ஒரே ஒரு முறை சிறுநீரில் ரத்தம் வந்தாலும் "சூடு" என்று விட்டுவிடக் கூடாது. மூன்று வாரம் தாண்டிய இருமல், சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், கழுத்திலோ அக்குளிலோ கட்டி இருந்தாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

• கைக்குட்டை ரசாயன ஆவியைத் தடுக்காது. வேலைக்கு ஏற்ற முகக்கவசமும் கையுறையும் கேட்டு வாங்க வேண்டும்.
• காற்றுக்கு எதிராக மருந்தடிக்கக் கூடாது.
• கையில் படிந்த கிரீஸைப் பெட்ரோலால் கழுவும் பழக்கத்தை விட வேண்டும்.
• வேலை உடுப்பை வீட்டாரின் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.
• மருத்துவரிடம் எந்த வேலை, எத்தனை ஆண்டு, என்ன ரசாயனம் என்று நாமே சொல்ல வேண்டும். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

முதற்கட்டப் பரிசோதனைக்குக் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையம் செயல்படுகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் புற்றுநோய் சிகிச்சை உண்டு. இழப்பீட்டுக்குரிய தொழில்சார் நோய்களின் சட்டப் பட்டியலில் சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் இருப்பதால், வேலை செய்த இடத்தின் சம்பளச் சீட்டு, அடையாள அட்டை போன்றவற்றைப் பத்திரமாக வைத்திருப்போம்.

குடும்பத்துக்காக உழைத்தவர் தன் உடம்பைப் பற்றித் தானாக வாய் திறக்க மாட்டார். வீட்டில் இருக்கும் நாம்தான் கேட்க வேண்டும்.