எனது மகனும் மார்க்குஸின் பையனும்

போன வாரம் வெள்ளானூர்ல ஒரு கல்யாணப் பத்திரிகை வந்துச்சு. "எங்களது மகன்" என்று அச்சடித்திருந்தார்கள். பழைய தமிழ் ஐயா பார்த்திருந்தால் காதைத் திருகியிருப்பார். ஆறாம் வேற்றுமை உருபான 'அது' அஃறிணைக்குத்தான். எனது வீடு சரி, எனது மகன் தப்பு. தொல்காப்பியர் மனுசங்களுக்கு 'கு' போடச் சொல்கிறார்: நம்பிக்கு மகன்.

தமிழுக்கு லத்தீனிலேயே இலக்கணம் எழுதினவங்க சீகன்பால்கும் (1716), வீரமாமுனிவரும் (1738-ல் தரங்கம்பாடியில் அச்சானது). ஆனா லத்தீன்ல இந்தக் கவலையே கிடையாது. உடையவன் பேர் மட்டும் மாறும்: மார்க்குஸ், மார்க்கி. வீடானாலும் மகனானாலும் அடிமையானாலும் அதே மார்க்கிதான்.

அதுல ஒரு கொடுமை பாருங்க. அந்தக் கால ரோமில் அடிமையை 'மார்க்கிபோர்' என்பார்களாம். மார்க்குஸின் பையன்னு அர்த்தம். லூக்கியுஸோட ஆள் 'லூக்கிபோர்'. முதலாம் நூற்றாண்டிலேயே பிளினி எழுதி வைத்திருக்கிறார். எஜமான் பேரோட ஆறாம் வேற்றுமைதான் இவனுக்குப் பேரே!

நம்ம மொழி மனுசனை 'அது'ல சேர்க்கலையேன்னு காலரைத் தூக்கிவிட்டுக்கப் பார்த்தேன். முடியலை. ஆள் விற்ற சேதி சோழர் காலக் கல்வெட்டுலயே இருக்கு. போதாக்குறைக்கு, ஆளைக் குறிச்சாலும் அஃறிணை முடிவு பெறும் சொற்கள்னு தொல்காப்பியர் ஒரு பட்டியல் தருகிறார். அரசு, விருந்து எல்லாம் அதில் உண்டு. கூடவே 'அடிமை'யும்.

அரசு வந்தது, அடிமை வந்தது. இலக்கணத்துல ரெண்டும் ஒண்ணுதான். வாழ்க்கையில?