சுமேலா மடாலயமும் உஸ்மானிய சுல்தான்களும்

துருக்கிக்குச் சுற்றுலா செல்வோர் பலர் இஸ்தான்புல் பள்ளிவாசல்களைக் கண்டு திரும்பிவிடுகின்றனர். அந்நாட்டின் வடகிழக்கே, கருங்கடலோர நகரான டிராப்சனுக்குத் தெற்கே, அடர்ந்த காடு சூழ்ந்த பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் செங்குத்துப் பாறையை ஒட்டி நிற்கிறது சுமேலா மடாலயம். கி.பி. 4ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவத் துறவியர் அதனை நிறுவினர் என்பது மரபு.

1461இல் சுல்தான் இரண்டாம் முஹம்மது அல்ஃபாத்திஹ் (ரஹ்) டிராப்சனை வென்றார். மடாலயம் இடிக்கப்படவில்லை. அதன் உரிமைகளை உஸ்மானிய சுல்தான்கள் ஃபர்மான்களால் உறுதிசெய்தனர். சூரத்துல் ஹஜ்ஜின் 40ஆம் வசனம் பள்ளிவாசல்களோடு மடாலயங்களையும் சேர்த்தே குறிப்பிடுவதை நாம் ஓதியிருக்கிறோம்.

ஆயினும் 1923இல் துருக்கியும் கிரேக்கமும் செய்துகொண்ட மக்கள் பரிமாற்ற ஒப்பந்தத்தால் துறவியர் வெளியேறினர். அதே ஒப்பந்தத்தால் கிரேக்கத்திலிருந்த முஸ்லிம்களில் லட்சக்கணக்கானோர் தம் பள்ளிவாசல்களைப் பிரிந்தனர். ஆளில்லா மடாலயத்தின் சுவரோவியங்களை வந்தோர் போனோர் கீறிச் சிதைத்தனர். 2010 ஆகஸ்ட் 15 அன்றுதான், துருக்கி அரசின் அனுமதியோடு, அங்கு மீண்டும் வழிபாடு நடந்தது.

பிறர் வழிபாட்டுத் தலத்தைக் காக்கும் சமுதாயமே தன் பள்ளிவாசலுக்கு நீதி கேட்கும் தகுதி பெறும். வல்ல அல்லாஹ் அத்தகுதியை நமக்கு அருள்வானாக! ஆமீன்.