பென்டியம் வகுத்தல் பிழை

இன்டெல் நிறுவனத்தின் முதல் தலைமுறைப் பென்டியம் செயலிகளில் இருந்த வடிவமைப்புக் குறைபாடே பென்டியம் வகுத்தல் பிழை. 1994இல் வெளிச்சத்துக்கு வந்தது. தசம எண்களை வகுக்கும்போது அரிதாக விடை தவறும், அவ்வளவுதான். ஆனாலும், பழுதான கணினிப் பொருளை வாங்கியவருக்கு என்ன உரிமை உண்டு, அதை யார் தீர்மானிப்பது என்ற தகராறாக அது வளர்ந்ததால் இன்றும் பேசப்படுகிறது.

வகுத்தலை விரைவாக்குவதற்காகச் செயலிக்குள் ஓர் எண் அட்டவணை பதிக்கப்பட்டிருந்தது. மதிப்பு இருக்க வேண்டிய 1,066 கட்டங்களில் 5 விடுபட்டுப் போயின. பெரும்பாலான கணக்குகள் அந்தக் கட்டங்களின் பக்கமே போகாது. போனால் வினை. 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும். பழுதான சில்லு 1.33374 என்றது. வந்த விடையை மறுபடி 3145727ஆல் பெருக்கி, முதல் எண்ணிலிருந்து கழித்தால் பூஜ்யத்துக்குப் பதில் 256 மிஞ்சும். வாங்கியவர் எவரும் தன் மேசையிலேயே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு என்பதால், மறைத்து வைக்க வழியில்லாமல் போயிற்று.

அமெரிக்காவின் வர்ஜீனியாவிலுள்ள லின்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களைப் பற்றிய ஆய்வில் 1994 ஜூனில் முரணான விடைகளைக் கண்டார். மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் செயலியில் வந்து நின்றார். அக்டோபர் 30 அன்று இதைப் பற்றிப் பிறருக்கு எழுதினார். இன்டெல் அதற்கு முன்பே பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தத்தில் இறங்கியிருந்தது. விற்ற சில்லுகளைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

செய்தி பரவியதும், சாதாரணப் பயனருக்கு 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பிழை நேரும் என்றது நிறுவனம். நுட்பமான கணக்குவேலை செய்பவர் என்று காட்டினால் மட்டுமே மாற்றித் தருவதாகவும் சொன்னது. பிழையைவிட இந்த நிபந்தனைதான் வாடிக்கையாளர்களைக் கொதிக்க வைத்தது. முழு விலை கொடுத்தவர், தனக்கு நல்ல சரக்கு தேவைதான் என்று ஏன் வாதாட வேண்டும்? டிசம்பர் 12 அன்று ஐபிஎம் பென்டியம் கணினிகளை அனுப்புவதை நிறுத்தி, 24 நாளைக்கு ஒருமுறைகூடப் பிழை வரலாம் என்று அறிவித்தது. (ஐபிஎம்மும் செயலிச் சந்தையில் போட்டியாளர் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.)

டிசம்பர் 20 அன்று இன்டெல் பணிந்தது. கேட்பவர் எவருக்கும், காரணம் கேட்காமல், கணினியின் ஆயுட்காலம் முழுவதும் இலவசமாகச் செயலியை மாற்றித் தருவதாக அறிவித்து மன்னிப்பும் கேட்டது. இதற்காக ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர்.

வாங்கியவர் பணம் கொடுத்தது கடைக்காரரிடமோ கணினி நிறுவனத்திடமோதான். இன்டெல் உதிரிபாகம் செய்து கொடுத்த இடம். அப்படியிருந்தும் மக்கள் இன்டெல்லின் கதவைத்தான் தட்டினார்கள். 1991 முதல் 'இன்டெல் இன்சைட்' என்று விளம்பரம் செய்து, கணினிப் பெட்டிகளின்மேல் ஸ்டிக்கரும் ஒட்டவைத்த நிறுவனத்தால், பழுது வந்தபோது மட்டும் பின்னால் ஒளிந்துகொள்ள முடியவில்லை. அப்போதைய தலைமை நிர்வாகி ஆண்ட்ரூ குரோவ், 1996இல் வெளிவந்த தம் நூலில் இந்த நிகழ்ச்சியை விரிவாக எழுதினார்.

பின்னர் இன்டெல் தன் செயலிகளில் தெரியவந்த பிழைகளைப் பட்டியலாகப் பொதுவில் வெளியிடத் தொடங்கியது. அவற்றில் பலவற்றுக்கு எதிரே, திருத்தும் திட்டம் இல்லை என்றே குறிக்கப்பட்டிருக்கும்.