வள்ளியின் மறுமொழி

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில், கர்நாடக எல்லைக்கும் ஆந்திர எல்லைக்கும் அருகே அமைந்த வேப்பனப்பள்ளி வட்டாரத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்குகின்றன. திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்துமாக நடக்கும் மகாபாரத விழா, இம்மாவட்டத்துக்கும் எல்லைக்கு அப்பாலுள்ள சித்தூர்ப் பகுதிக்கும் பொதுவானது. சந்நியாசி வேடத்தில் வரும் அருச்சுனனையே சுபத்திரை மணப்பாள் என்பது கூத்துப் பார்க்க வருவோர் அனைவருக்கும் தெரியும். தெரிந்தும் அவர்கள் விடியும் வரை அமர்ந்திருக்கிறார்கள். முடிவு தெரிந்த காதற்கதையைத் தமிழ் மேடை எவ்வாறு புதிதாக்கியது என்பதை ஆராய, இதே போல் மாறுவேடக் காதலனைக் கொண்ட வள்ளி கதையைவிடச் சிறந்த சான்று இல்லை.

தினைப்புனம் காக்கும் பெண், வழி தவறி வந்தவன்போல் அவளிடம் பேச்சுக் கொடுக்கும் ஆண், அருகே ஒரு வேங்கை மரம் என்ற வள்ளி கதையின் இக்காட்சி சங்க இலக்கியத்தின் குறிஞ்சித் திணைக்கு, அதாவது மலைநிலத்தில் தலைவனும் தலைவியும் கூடுதலைப் பாடும் மரபுக்கு உரியது. அகப்பாடலில் தலைவனையோ தலைவியையோ பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. ஆதலால் நூற்றுக்கணக்கான பாடல்கள் ஒரே சூழலைப் பாடியும், கேட்பவரின் கவனம் யார் காதலித்தார் என்பதில் நில்லாமல், தலைவியின் தோழி எதைச் சொன்னாள், எதை மறைத்தாள் என்பதிலேயே நிலைத்தது. முருகனோடு சென்ற வள்ளியை நற்றிணையின் 82ஆம் பாடல் உவமையாக எடுத்தாள்வதால், அக்காலத்திலேயே இக்கதை பலரும் அறிந்ததாக இருந்தது தெளிவாகும். பின்னர் கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தின் இறுதியில் வள்ளியம்மை திருமணப் படலத்தை வைத்து, வேடன், வேங்கை, கிழவன் என முருகன் கொண்ட உருவங்களையும், யானையாக வந்து வள்ளியை அச்சுறுத்திய விநாயகரையும் ஒரே தொடராகக் கோத்தார். கதை அத்துடன் நிறைவுற்றது. மேற்கொண்டு சேர்ப்பதற்கு நிகழ்ச்சி எதுவும் எஞ்சவில்லை.

எஞ்சியிருந்தது பேச்சு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம், தென்மாவட்டங்களின் ஸ்பெஷல் நாடகத்தில், அதாவது வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே அமர்த்தப்படும் நடிகர்கள் ஒத்திகையின்றி ஓர் இரவுக்கு மட்டும் கூடி நடிக்கும் முறையில், நிலைபெற்றது. பாட்டும் கதைப்போக்கும் எல்லாருக்கும் மனப்பாடமாக இருந்தமையால், நாரதரும் வள்ளியும், பிறகு வேலனாகிய முருகனும் வள்ளியும் மோதும் தர்க்கம் என்ற வாதப்பகுதி நடிகர்களின் திறத்துக்கே விடப்பட்டது. தப்பி வந்த மானைத் தேடுவதாக வேடனாக வந்த வேலன் சொல்கிறான். மானின் அடையாளம் என்ன என்று வள்ளி கேட்கிறாள். அவன் கூறும் ஒவ்வோர் அடையாளமும் அவளையே குறிக்க, அதை உணர்ந்தும் உணராதவள்போல் அவள் அடுத்த கேள்வியைத் தொடுக்கிறாள். எதிரில் நிற்பவர் இன்று எதைக் கேட்பார் என்பது நடிகைக்கே தெரியாது. புராணத்தில் சில செய்யுள்களுக்குள் அடங்கிய மறுப்பு மேடையில் மணிக்கணக்காக நீண்டது. பெண்ணின் சம்மதம் விதியால் தானாக அமைவதாக இல்லாமல், வாதிட்டுப் பெறவேண்டிய ஒன்றாயிற்று. இக்கதை அடைந்த மாற்றங்களுள் தலையாயது இதுவே. இதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் ஏட்டில் பெயர் இடம்பெறாத நடிகையர் என்பது நினைவில் நிறுத்தத் தக்கது. 1920களில் இலங்கையில் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு இணைந்து மேடையேறி, அவரையே மணந்த கே.பி. சுந்தராம்பாளைப் போலப் பெரும்புகழ் பெற்ற வள்ளிகள் மிகச் சிலரே.

வடஎல்லைத் தெருக்கூத்தில் இந்த வாதத்துக்கு நிகரான பணியைக் கட்டியக்காரன் செய்கிறான். அரசனுக்கு ஏவலனாகவும் அவையோருக்கு விகடனாகவும் நிற்கும் அவன், திரை விலகித் தோன்றும் வேடத்தை வழிமறித்து, பார்ப்போர் கேட்க நினைப்பதையெல்லாம் கேட்டு, அவ்வூர் நடப்புகளையும் இடையில் நுழைக்கிறான்.

கதைக்குப் புதுமை சேர்ப்பதில் கேட்போர் வாழும் நிலத்துக்கும் பங்குண்டு. கேழ்வரகு இன்றும் பரவலாக விளையும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், வேப்பனப்பள்ளி, மகாராஜகடை போன்ற எல்லையோர ஊர்களுக்கு அண்டை மாநிலக் காடுகளிலிருந்து யானைகள் இறங்கி வருகின்றன. கதிர் முற்றும் பருவத்தில் கொல்லையில் கண்விழித்துக் காவல் காத்து, பட்டாசு வெடித்து அவற்றை விரட்டுவது உழவர்க்கு உயிரைப் பணயம் வைக்கும் வேலை. கொல்லைக்குள் யானை புகுந்ததும் வள்ளி அருகில் நின்ற கிழவனைப் பற்றிக்கொண்டாள் என்ற நிகழ்ச்சி, சமவெளி நகரத்தில் புராண விநோதமாகத் தோன்றலாம்; இங்குள்ளவர்களோ அந்த அச்சத்தை நேரில் அறிந்தவர்கள்.

திரைப்படம் இக்கதையை எதிர்த்திசையில் கொண்டுசென்றது. 1933இல் டி.பி. ராஜலட்சுமி நடித்த வள்ளி திருமணமும், 1945இல் டி.ஆர். மகாலிங்கமும் ருக்மணியும் நடித்த ஏ.வி. மெய்யப்பனின் ஸ்ரீவள்ளியும் பெருங்கூட்டத்தை ஈர்த்தன. ஆனால் படச்சுருளில் பதிந்த மறுமொழி எல்லா ஊரிலும் எல்லாக் காட்சியிலும் ஒன்றே. ஸ்ரீவள்ளியில் ருக்மணி பாடிய பாட்டுகள்கூட நீக்கப்பட்டு, பி.ஏ. பெரியநாயகியின் குரல் சேர்க்கப்பட்டது. தென்மாவட்டக் கோயில் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் இன்றும் நடைபெறுகிறது. வேலனின் கேள்விக்கு விடையை அங்கே வள்ளியாக நிற்பவளே அந்த நேரத்தில் கண்டு சொல்கிறாள்.